எங்கள் பள்ளிக்கு லேத்து வந்த வருஷம்

போன மாதம் ஒரகடத்திலிருந்து படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகிறவர். சட்டையிலிருந்து கூலன்ட் வாசனை வந்தது. இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, பால் மாதிரி வெள்ளையாக ஒரு எண்ணெய்த் தண்ணீர், அதுதான். நான் கொஞ்சம் மூக்கை அவர் பக்கம் நீட்டிவிட்டேன் போலிருக்கிறது.

"இன்னா சார், நாத்தமா கீதா? அந்தாண்ட மாறிக்கிறீங்களா?" என்றார்.

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் மொபைலுக்குள் போய்விட்டார். கூலன்ட் நல்லாயிருக்கிறது என்று சொல்கிற ஆளிடம் யார்தான் பேச்சை வளர்ப்பார்கள்? ஆனால் எனக்கு அந்த வாசனை அடித்தால், படப்பையும் ஒரகடமும் அவற்றின் பாலங்களும் கண்டெய்னர் லாரிகளும் மறைந்து, ஓடு போட்ட ஒரு நீள அறையும் அதன் நடுவில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு லேத்தும் வந்து நின்றுவிடும். 1991ஆம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமோ படித்துவிட்டு, மணிமங்கலத்திலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து அரசுப் பள்ளி ஒன்றுக்குப் பகுதிநேரத் தொழிற்கல்வி ஆசிரியராகப் போய்க்கொண்டிருந்தேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். தாம்பரம் ரோட்டின் மேல் இருந்தது, அவ்வளவு போதும். இப்போது நான் சொல்லப்போவதில் என் மானமும் கொஞ்சம் போகிறது. பள்ளியின் பெயரையும் எதற்குச் சேர்த்து இழுக்க வேண்டும்?

அந்தப் பள்ளியின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மழை பெய்யும்போது வாசல் போர்டைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு தடவை தரம் உயரும்போதும் அதே தகரத்தின்மேல் வெள்ளை அடித்துப் புதுப் பெயரை எழுதியிருந்தார்கள். நனைந்தால் அடியில் இருக்கும் எழுத்தெல்லாம் மேலே வரும். 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்பதற்குக் கீழே 'உயர்நிலை', அதற்கும் கீழே 'ஊராட்சி ஒன்றிய நடுநிலை'. இன்னும் உற்றுப் பார்த்தால் 'தொடக்க' என்று பாதிச் சொல் ஒன்று. நாலு பள்ளிக்கூடம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். கட்டடமும் அப்படித்தான். ஓட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு மெத்தைக் கட்டடம், அதை ஒட்டிக் கூரை போட்ட இரண்டு வகுப்பு, சுற்றுச்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் முள்வேலி.

அந்த வருஷம்தான் பிளஸ் ஒன் வந்தது. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஜூனில் பள்ளி திறந்தபோதுகூட ஜனங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் தலைமையாசிரியை ஜெயமணி டீச்சருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. காஞ்சிபுரத்துக்காரர். கஞ்சி போட்ட நூல் புடவை, பெரிய கண்ணாடி. ஸ்டாஃப் ரூமில் அவர் மெதுவாகப் பேசினாலே பஸ் ஸ்டாப்பில் கேட்கும். பள்ளிக்குத் தொழிற்கல்விப் பிரிவு ஒன்று தருகிறோம், விவசாயமா, இயந்திரமா என்று மேலிடத்தில் கேட்டபோது, யோசிக்காமல் இயந்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"தினம் ரோட்டுல நிலம் அளந்துக்கிட்டே இருக்காங்க. இந்தப் பசங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள வயல் இருக்குமா, கம்பெனி இருக்குமான்னு எனக்கே தெரியல. எந்திரம் கத்துக்கட்டும்" என்றார். இதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு லேத்து ஓட்டத் தெரியுமில்ல?" என்று கேட்டார். "தெரியும் மேடம்" என்றேன். மூன்று வருஷப் படிப்பில் மொத்தமாக ஒரு முப்பது மணி நேரம் ஓட்டியிருப்பேன்.

பிரிவு வந்துவிட்டது, பிள்ளைகள் வரவில்லை. மார்க் எடுத்தவன் சயின்ஸ் குரூப்புக்குப் போனான். எடுக்காதவன் கல் குவாரிக்குப் போனான். குறைந்தபட்சம் இத்தனை பேர் இல்லையென்றால் பிரிவு வேறு பள்ளிக்குப் போய்விடும் என்று ஒரு விதி. பிரிவு போனால் நானும் போக வேண்டியதுதான். ஜூலைக் கடைசியில் அந்த எண்ணிக்கைக்கு இன்னும் இரண்டு பேர் குறைந்தார்கள்.

அப்போதுதான் வடக்குப்பட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி கோமதி, இன்னொருத்தி எஸ்தர். கோமதிதான் பேசினாள். நல்ல உயரம். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசுவாள், அதுவே அந்தக் காலத்தில் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும்.

"சார், எங்கள மெஷின் குரூப்புல சேத்துக்குங்க."

"பொம்பள புள்ளைங்களா? டைப்ரைட்டிங் குரூப் இருக்கற ஸ்கூலாப் பாத்துப் போங்களேன்."

"அது தாம்பரத்துல கீது சார். எங்க அப்பா அம்மாந்தூரம் அனுப்ப மாட்டாரு. இங்க சேரலன்னா வூட்ல ஒக்கார வச்சிடுவாங்க. மாமன் ஒருத்தன் ரெடியா கீறான்."

எஸ்தர் அவசரமாக, "எனக்கு மாமன்லாம் இல்ல சார். நான் இவ கூட" என்றாள்.

நான் பெரிய சீர்திருத்தவாதி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு இரண்டு பேர் தேவை, இரண்டு பேர் வந்தார்கள். அப்ளிகேஷனை வாங்கி அன்றைக்கே டீச்சர் மேஜையில் வைத்துவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஜாக்கிரதையாப் பாத்துப்பீங்களா?" என்றார். "பாத்துப்பேன் மேடம்" என்றேன். அந்த வருஷம் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் உடனடியாக ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லேத்து ஆகஸ்டில் லாரியில் வந்தது. எங்கேயோ மூடிவிட்ட பயிற்சிக் கூடத்திலிருந்து மாற்றல் வாங்கி வந்த பழைய லேத்து. பிள்ளைகள் எல்லோருமாக உருளைக் கட்டை வைத்துத் தள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் அது மூன்று ஃபேஸ் கரன்ட்டில் ஓடுகிற மெஷின், பள்ளியில் இருப்பது ஒரு ஃபேஸ் என்று தெரிந்தது. மின்வாரியத்துக்கு எழுதினோம். எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒருவன் கையால் சக்கைச் சுற்ற, இன்னொருவன் டூலை நகர்த்த, துணி சோப்பைக் கடைந்தோம். சக் என்பது கடைய வேண்டிய இரும்புத் துண்டை, பட்டறையில் அதற்கு ஜாப் என்று பேர், கவ்விப் பிடித்துச் சுற்றுகிற தலை. அதில் சோப்புக் கட்டியைக் கவ்வ வைத்தால் அழகாகச் சுருள் சுருளாக வரும். நாலு மாதம் எங்கள் பட்டறையில் துணி துவைக்கிற வாசனைதான். சுருளை யாரும் வீணாக்கவில்லை, பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அந்த நாலு மாதத்தில் வெர்னியர் வைத்து அளவெடுப்பதில் கோமதியை மிஞ்ச ஆளில்லாமல் போயிற்று. நானே சந்தேகம் வந்தால் அவளைக் கூப்பிட்டு, சோதிப்பதுபோல, "நீ பாத்து சொல்லு" என்பேன்.

கார்த்திகை மழை விட்டதும் கரன்ட் வந்தது. லேத்து உறுமிக்கொண்டு கிளம்பியபோது பையன்கள் கை தட்டினார்கள். கூலன்ட் வாசனை வந்ததும் அன்றைக்குத்தான்.

பெண்களை நான் ஓட்டவிடவில்லை. காரணம் இருந்தது. அன்றைக்கு அரசுப் பள்ளியில் பெரிய வகுப்புப் பெண்கள் பாவாடை தாவணியில்தான் வர வேண்டும். சுற்றுகிற சக்குக்கு முன்னால் தொங்குகிற துணி ஆகாது என்பது பட்டறையில் முதல் பாடம். அதனால் பையன்கள் ஓட்டுவார்கள், இவர்கள் இருவரும் அளவெடுத்து நோட்டில் எழுதுவார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோமதி கேட்டாள்.

"பரீட்சையில எங்கள ஓட்டச் சொல்லுவாங்களா, எழுதச் சொல்லுவாங்களா சார்?"

"ஓட்டத்தான் சொல்லுவாங்க."

"அப்ப?"

தாவணியை இறுக்கிச் செருகிக்கொள், பின்னலைக் கொண்டை போட்டுக்கொள், நான் பக்கத்திலேயே நிற்பேன் என்று சொல்லி ஓட்டவிட்டேன். நிதானமான கை அவளுக்கு. நாலைந்து நாள் பக்கத்தில் நின்றேன். ஆறாவது நாள் காலை, அவள் ஓட்டுவதைப் பார்த்து எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது, "முடிச்சுட்டு நிறுத்து" என்று சொல்லிவிட்டு முள்வேலிச் சந்து வழியாக ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அறையில் சத்தமில்லை. லேத்து நின்றிருந்தது. சக்கைச் சுற்றி நீலத் தாவணி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. மெயின் சுவிட்சைப் பிடித்த கையை எடுக்காமல் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு நொடி தாமதித்திருந்தால் துணியோடு ஆளையும் இழுத்திருக்கும். பையன்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை, தானாகவே அப்படி நின்றிருந்தார்கள். டூல் பீரோவுக்குப் பின்னாலிருந்து கோமதி அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சேகர் என்று ஒரு பையன் பனியனோடு நின்றான். அவன் சட்டையைக் கழற்றித் திரும்பிப் பார்க்காமலே பீரோவுக்குப் பின்னால் எறிந்திருக்கிறான்.

கழுத்திலும் தோளிலும் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் அந்தப் பையன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போனாள். அவளோடு எஸ்தர் போனாள்.

மத்தியானம் ஜெயமணி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அந்த ஒரு தடவை அவர் மெதுவாகப் பேசினார்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம். அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன். அவ சொல்லாமலே மெஷினத் தொட்டுட்டா."

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். டீச்சர் தலையை ஆட்டினார். "ரெண்டு பேருக்கும் டி.சி. எழுதிடலாம். இனிமே ஏதாவது ஆச்சுன்னா ஸ்கூல இழுத்து மூடிடுவாங்க" என்றார். டி.சி. எழுதினால் அவர்கள் போவதற்கு வேறு பள்ளி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த மாமன் ரெடியாக இருக்கிறான் என்பதும் தெரியும். சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மணிமங்கலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைய கணக்கில் அது இன்னொரு பொய்.

மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் கோமதியின் அப்பா வந்துவிட்டார். முனுசாமி, ஜல்லி லாரி ஓட்டுகிறவர். காக்கி பேண்ட், காக்கிச் சட்டை, கையில் மடித்த ஒரு வெள்ளைச் சட்டை. பின்னால் கழுத்தில் மஞ்சள் தடவிக்கொண்டு கோமதி. ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்து வீடு வரைக்கும் பேசியிருப்பார்கள். அவர் என்னை அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். சட்டையைத் தலைமையாசிரியை மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் புள்ளகிட்ட குட்த்துடுங்கம்மா. துவச்சு இஸ்திரி போட்டு கீது. நல்லா இருக்கணும் அவன்."

டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "உங்க பொண்ணு வாத்தியார்கிட்ட சொல்லாம மெஷினத் தொட்டிருக்கா. இந்த குரூப் பொண்ணுங்களுக்குச் சரிப்படாது" என்றார் டீச்சர்.

முனுசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லாமயா தொட்ட?"

கோமதி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெர்னியரில் அளவு பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இல்ல மேடம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "நான்தான் ஓட்டச் சொன்னேன். நான் ரூம்ல இல்ல. டீ குடிக்கப் போயிருந்தேன். நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முனுசாமி என் பக்கம் திரும்பினார். நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அந்த மெஷின காட்டு வாத்தியாரே" என்றார்.

நால்வரும் போனோம். சக்கில் இன்னும் நீல நூல் ஒட்டியிருந்தது. அவர் லேத்தைச் சுற்றி வந்தார், கையால் தட்டிப் பார்த்தார். டிரைவர்கள் எந்த மெஷினையும் அப்படித்தான் பார்ப்பார்கள். சக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"நான் லாரிய வேட்டி கட்டிக்கினா ஓட்றேன்? பேண்ட் மாட்டிக்கினுதானே ஓட்றேன்? வேட்டி கட்டிக்கினு ஓட்டி, பிரேக்ல மாட்டிக்கினா, டிரைவர் வேலையே ஆவாதுன்னுவீங்களா? மெஷினுக்கு ஏத்த துணி குடுக்காம வேலைய மட்டும் குட்த்தா அது யார் தப்பும்மா?"

"சீருடைன்னு ஒரு ரூல் இருக்கு. தாவணிதான் போடணும்" என்றார் டீச்சர்.

"அப்ப எம்பொண்ணு வூட்டுக்கு வந்துடணுமா?"

டீச்சர் கோமதியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற? பயமா இல்லையா?"

"பயமாத்தான் கீது டீச்சர். ஆனா அந்த ஜாப்ப நான் பாதியில வுட்டுட்டேன். முடிக்கணும்."

வெளியே இரண்டாவது மணி அடித்தது. டீச்சர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். அவர் குரல் பழையபடி பஸ் ஸ்டாப் வரைக்கும் போனது. "ஸ்கூலுக்கு வரப்போ தாவணி. வீட்டுக்குப் போறப்போ தாவணி. நடுவுல ரெண்டு பீரியட் மெஷின் கேக்கற துணி. ரூல்ல மெஷினப் பத்தி ஒண்ணும் எழுதல, நானும் யாரையும் கேக்கப் போறதில்ல. என் ரூம்ல மாத்திக்கட்டும்." பிறகு என்னிடம், "உங்களுக்கு மெமோ தனியா வரும்" என்றார். வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வேலை தப்பித்ததே பெரிசு என்று நினைத்தேன். அதைவிடப் பெரிசாக, அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமையை அந்தப் பள்ளியில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தலைமையாசிரியை அறையிலிருந்து பட்டறைக்குப் போக மைதானத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். முனுசாமியின் இரண்டு செட் காக்கியைத் தைத்துச் சுருக்கிப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பெண்களும் வெளியே வந்தார்கள். எல்லா ஜன்னலிலும் தலைகள். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர்களே வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். வேலிக்கு அப்பால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். எஸ்தர் பாதி வழியில் நின்றுவிட்டாள். இடுப்பில் பேண்ட் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு எழுந்தது.

கோமதி திரும்பி ஜன்னல்களைப் பார்த்தாள்.

"இன்னாடா, படமா ஓட்றாங்க? போய்ப் படிங்கடா!"

எஸ்தர்தான் முதலில் சிரித்தாள். பிறகு வராந்தாவில் நின்ற கணக்கு வாத்தியார் சிரித்தார். கேலிச் சிரிப்பு அப்படியே வேறு சிரிப்பாக மாறிவிட்டது. எஸ்தர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையை வீசி நடந்தாள். அன்று நான் அறையை விட்டு நகரவில்லை. கோமதி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, அந்த இரும்புத் துண்டை முடித்து, தானே அளந்து, எண்ணெய் தடவி என் மேஜைமேல் வைத்தாள். அது சூடாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் கையிலிருந்து வெர்னியரை வாங்கி நான் இன்னொரு தடவை அளக்கவில்லை. அந்த மரியாதையாவது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், காக்கியில் நின்ற பெண்களைப் பார்த்து, "இவங்க யாரு, ஹெல்ப்பரா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து, கோமதி கடைந்ததைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். அவள் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன லேத்துப் பட்டறையில் சேர்ந்தாள். பிறகு ஒரு கம்பெனியில் பாகங்களை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன், பிறகு அதே கம்பெனியில் அந்தப் பகுதிக்கே பொறுப்பு. மாமன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். எஸ்தர் நர்ஸ் ஆனாள். ஒரு நொடியில் சுவிட்சைத் தேடிப் பிடித்தவள் அந்த வேலைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர்களுக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பிரிவில் பெண்கள் சேர்ந்தார்கள். ஜெயமணி டீச்சர் ஓய்வு பெறுவதற்கு முன் அந்த ஓட்டு அறைக்குப் பக்கத்தில் பெண்கள் துணி மாற்ற ஓர் அறை கட்டவைத்துவிட்டுத்தான் போனார்.

அந்த அறையும் இப்போது இல்லை. பட்டறையை இடித்து மூன்று மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. முள்வேலி போய் மதில், தகர போர்டு போய் கிரானைட் எழுத்து. மழை பெய்தாலும் அதில் ஒன்றும் மேலே வராது. லேத்து ஏலத்தில் போயிற்று. பிரிவையே எடுத்துவிட்டார்கள். கம்பெனிகளே வந்து பயிற்சி கொடுக்கும்போது பள்ளியில் எதற்கு என்று காரணம் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். தாவணியும் எப்போதோ போய்விட்டது, பெண்கள் சுரிதாரில் வருகிறார்கள்.

இந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் பழைய ஆசிரியர் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையேறுவதற்கு முன், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிளஸ் ஒன் பெண் ஒருத்தி, அந்தக் காலத்தில் ஸ்கூல் எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னேன். ஜன்னல்களில் தலை, வேலிக்கு அந்தப் பக்கம் ஜனம், கோமதி போட்ட சத்தம் எல்லாம் சொன்னேன். நல்ல இடத்தில் நிறுத்திச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"பேண்ட் போட்டுக்கினு போனா இன்னா சார்? எதுக்கு எல்லாரும் வந்து பாத்தாங்க?"

"அப்போல்லாம் அப்படித்தாம்மா."

"அதான், எதுக்கு?"

அவளுக்குப் புரிகிறமாதிரி ஒரு காரணம் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மைக்கில் யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு, படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஓடினாள்.